கைக்கு வராத நூற்றிருபது

அந்த பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டரில் பைத்தான் ஃபங்ஷன் ஒன்றை, அதாவது ஒரே ஒரு கணக்கைப் போடும் குட்டி நிரலை, எழுதி முடித்தால், அது ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும். செய்முறைத் தேர்வன்று லேபில் இடம் போதாமல் சில ஃபங்ஷன்கள் வராந்தாவில் உட்காருவதும் உண்டு.

ஜெபராணிக்கு இது மூன்றாவது தடவை. இதிலும் அரியர் விழுந்தால் படிப்புக்கு முழுக்கு, நேரே மீன் கம்பெனிதான் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே பார்த்துப் பார்த்து இரண்டு ஃபங்ஷன் எழுதினாள். முதலாவது சுவரின் பரப்பைக் கணக்கிடும். இரண்டாவது அதை வாங்கிக்கொண்டு, அறுபது சதுர அடிக்கு ஒரு லிட்டர் வீதம் எத்தனை லிட்டர் பெயின்ட் வேண்டும் என்று கணக்கிடும்.

பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம் என்று முதலாவதிடம் கொடுத்தாள். அது எழுந்து நின்று பஸ் கண்டக்டர் குரலில் கத்தியது.

"நூத்திருபது! நூத்திருபது! எல்லாரும் கேட்டுக்கோங்க, நூத்திருபது!"

அதைக் கேட்டுக் கேன்டீன்காரர்கூட நூற்றிருபது வடையோடு அடுப்பை அணைத்தார்.

பிறகு அது உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியின் பக்கம் கையை நீட்டியது. இரண்டாவது ஃபங்ஷன் வாங்கிப் பார்த்தது. தீப்பெட்டி அளவில் ஒரு None, பைத்தான் பாஷையில் 'ஒன்றுமில்லை'. எடையே இல்லை.

"இதை அறுபதால வகுக்க முடியாதும்மா," என்றது, கவுன்டரை மூடப்போகிறவர் குரலில்.

"இப்பத்தானே நூத்திருபதுன்னு கத்திச்சு? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. கைக்கு வரலையே."

ஜெபராணி மறுபடி கத்த வைத்தாள். இன்னொரு None. மறுபடியும். மேஜையில் மூன்று None சேர்ந்தன. கேன்டீனில் மறுபடி அடுப்பு பற்றவைத்தார்கள்.

தேர்வு வைக்க வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் பழுப்புக் கவரோடு வந்து நின்றார். "பத்து நிமிஷம்தான் இருக்கு. விடையைக் கவர்ல போடு."

"சார், பரப்புதான் ஊருக்கே தெரிஞ்சிட்டே. ரெண்டு லிட்டர் சார்."

"எனக்கும் தெரியுது. கவருக்குத் தெரியலையே."

அதுவும் சரிதான் என்று ஜெபராணிக்குப் பட்டது. ஆனால் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து எஸ்தர் கிசுகிசுத்தாள். "ஏட்டி, உன் ஃபங்ஷன் உன்ன மாதிரியேல்லா இருக்கு. வாய் மட்டுந்தான்."

ஜெபராணி இரண்டு ஃபங்ஷனையும் திறந்து பார்த்தாள். இரண்டின் கடைசி வரியிலும் print, அதாவது 'விடையைச் சொல்லிக் காட்டு', என்று இருந்தது. அதை அழித்து return, அதாவது 'விடையைக் கையில் கொடு', என்று அடித்தாள்.

இம்முறை முதலாவது வாயே திறக்கவில்லை. நூற்றிருபதைப் பக்கத்துக் கையில் வைத்தது, நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது. இரண்டாவது அதை அறுபதால் வகுத்து, ஜெபராணியின் உள்ளங்கையில் இரண்டை வைத்தது. அதுவும் நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு இளஞ்சூடாக இருந்தது. அவள் கவரில் போட்டாள்.

"பேரு?" என்றார் எக்ஸ்டர்னல்.

ஜெபராணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உள்ளங்கையில் ஏதோ கனத்தது. பார்த்தாள், அவள் பெயர். நீட்டினாள். அவர் வாங்கிக் கவருக்குள் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, மேலே 'பாஸ்' என்று எழுதினார்.

அவள் நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.