வெட்டிப் போட்ட மூலை

டெய்லர் கடைச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்த இடத்தை மறைக்கத்தான் அந்த ஐரோப்பா தேசப்படம் வந்தது. ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டிய பெரிய படம். அதன் கீழ்மூலை தையல் மெஷின் சக்கரத்தில் உரசியது. கையில் கத்தரி இருக்கும்போது டெய்லர் சும்மா இருப்பாரா? நறுக்கென்று வெட்டிக் குப்பையில் போட்டார்.

தம்பி இத்தாலிக்குப் போனதிலிருந்து டெய்லருக்கு அந்தப் படம்தான் துணை. தம்பி கையில் பேப்பர் கிடையாது, திருட்டுத்தனமாகத்தான் பிரான்ஸுக்குள் நுழைய வேண்டும். நேற்று போன் பண்ணினான்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்காம். கடலோரமாப் போகட்டுமா, உள்பக்கமாவா?"

டெய்லர் படத்தில் விரல் வைத்தார். கடலோரம் பச்சை. பச்சை என்றால் காடு, உள்ளே என்னென்ன இருக்குமோ! உள்பக்கம் பழுப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு.

"உள்பக்கமே போடா. வெள்ளையா இருக்கு, வெறும் பொட்டல். ஒரு விரக்கடை தூரம்தான்."

"இங்க வெயிலா இருக்கு. நீ தச்ச கோட்டு கனக்குது."

"பொட்டல்ல நடக்க கோட்டு எதுக்கு? யாருக்காவது குடுத்துட்டுக் கையை வீசிக்கிட்டுப் போ."

அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை அவன்.

இன்று காலை, தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த பூகோள டீச்சரிடம் டெய்லர் பெருமையாக அந்த வழியைக் காட்டினார். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, கலருக்கெல்லாம் கீழே விளக்கம் போட்டிருக்குமே, எங்கே?"

"அந்த மூலையா? சக்கரத்துல இடிச்சுது, வெட்டிட்டேன்."

"பச்சைதான் சமவெளி, டெய்லர். பழுப்பு மலை. வெள்ளை... ஆல்ப்ஸ் உச்சி. வருஷம் பூரா பனி உருகாது."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். டெய்லர் உயரம் தெரியாமல் தம்பியின் காலை விட்டுவிட்டாரே! போன் போட்டார். கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, மெஷின் சத்தத்தில் காதில் விழாமல் போன ஒரு வாய்ஸ் மெசேஜ். காற்று இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் நடுங்கியது.

"அண்ணே, கோட்டைக் குடுத்துட்டேன். கூட வந்தவங்க எல்லாம் திரும்பிடலாம்னாங்க. நான்தான் விடல. எங்கண்ணன் படத்தைப் பாத்துச் சொல்லியிருக்கு, தப்பாகாதுன்னு தைரியம் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். நீ சொன்ன வெள்ளை தெரியுது, அண்ணே."