மூன்றாம் பாகத்தில் வளர்ந்தவள்

அந்த விண்வெளிப் படத்தின் முதல் பாகம் எடுத்தபோது வாலுவுக்கு ஆறு வயது. படத்தின் எடிட்டருக்கு ஒரே மகள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் பயன்பட்டது.

அன்று பள்ளி விடுமுறை. அப்பாவோடு படப்பிடிப்புக்கு வந்திருந்தாள். நடிக்க வேண்டிய குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இயக்குநரின் பார்வை ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த வாலுமேல் விழுந்தது.

"இதோ இருக்காளே நம்ம ஆளு!" என்று அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்.

காட்சி இதுதான்: விண்வெளியில் ஒரு பெரிய கலம் உடைந்து சிதறப்போகிறது. அதன் தலைவி, தன் மகளைத் தப்பிக்கும் படகு ஒன்றில் தனியாக ஏற்றிக் கதவை மூடுகிறாள். படகு இருட்டில் போய் மறைகிறது. வாலு திரையில் வந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கதவு மூடும்போது சட்டைக் கையை இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, பயம் வந்தால் வீட்டிலும் அப்படித்தான். படம் சக்கைப்போடு போட்டது. அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் மூக்கு உறிஞ்சாதவர்கள் குறைவு.

இரண்டாம் பாகம் வேறு பக்கம் போய்விட்டது. வாலு வளர்ந்தாள், கணக்கில் கோட்டைவிட்டாள், நீச்சலில் கோப்பை வாங்கினாள். பதினேழு வயதில் ரத்தத்தில் ஏதோ நோய் என்றார்கள். பார்க்கப் பார்க்கக் கரைந்து, கையை விட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் விடுமுறை நாட்களில் டிவி போடுவதில்லை. ஏதாவது ஒரு சேனலில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

சில வருடங்கள் கழித்துத் தயாரிப்புக் கம்பெனிக்கு மூன்றாம் பாகம் எடுக்கும் யோசனை வந்தது. இயக்குநர் போன் செய்தார்.

"படகுல போன பொண்ணு என்ன ஆனான்னு ஜனங்க கேட்டுக்கிட்டே இருக்காங்கய்யா. அவ வளந்து வர்ற மாதிரி கதை. உனக்கு வேண்டாம்னா சொல்லிடு, நான் தப்பா நினைக்கமாட்டேன்."

எடிட்டர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஏன் சரி என்றார் என்பது அவருக்கே பிடிபடவில்லை.

வளர்ந்த பெண்ணாக நடிக்க வந்தவள் புதுமுகம்; துருதுருவென்றிருந்தாள். முதல் பாகத்தில் குழந்தை நடித்ததையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எடிட்டிங் அறைக்கு வந்தாள். படத்தில் சேர்க்காமல் விட்டவற்றையும் அவர் எடுத்துப் போட்டுக் காட்டினார்.

"சார், கைய உள்ள இழுத்துக்குறாளே, அது டைரக்டர் சொன்னதா?"

"இல்லம்மா. அவளா பண்ணினது. அவ என் பொண்ணு."

"ஐயோ, உங்க பொண்ணா! இப்ப என்ன பண்றாங்க?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

"படிக்கிறா. வெளியூர்ல."

ஒரு பொய் சொன்னால் அத்தோடு விடுமா? போகிற வருகிற போதெல்லாம் நடிகை விசாரித்தாள். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறாள் என்றார். போன் பண்ணவே மாட்டாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். "நான் திட்டினேன்னு சொல்லுங்க சார்" என்றாள் அவள். அன்று முழுக்க அவருக்கு மனசு லேசாக இருந்தது.

எடுத்த காட்சிகள் ஒவ்வொன்றாக அவர் மேசைக்கு வந்தன. வளர்ந்த பெண்ணொருத்தி கலத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கைக்குள் விரல்களை மறைத்துக்கொள்கிறாள். அதை வெட்ட அவருக்குக் கை வரவில்லை.

"என்னய்யா இது, ஆளு சும்மா உக்காந்திருக்கா, ஷாட் போய்க்கிட்டே இருக்கு?" என்று கேட்ட இயக்குநர், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "கொஞ்சமாவது குறைய்யா."

ஒரு நாள் வீட்டில் மனைவியிடம் பேச்சை எடுத்தார்.

"ஒரு தடவை வந்து பாரேன். வளந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பான்னு தோணுது."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நம்ம பிள்ளைக்கு வயசு பதினேழு. அதுக்கு மேல அவளுக்கு வயசு கிடையாது. மீதிய வேற யார்கிட்டயோ போய் வாங்கிட்டு வராதீங்க."

மூன்றாம் பாகமும் ஓடியது. கம்பெனிக்கு ஆசை அடங்கவில்லை. நான்காவதில் கதையைப் பின்னால் இழுத்து, முதல் பாகத்துக்கு முன்பு நடந்தது என்று எடுத்தார்கள். போன படத்தில் செத்த கிழவர் இதில் மீசை முளைக்காத பையனாக வந்தார். எது முன்னே எது பின்னே என்று புரியாமல் ஜனங்கள் தலையைச் சொறிந்தார்கள். படம் படுத்தது.

கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. புது ஆட்களை வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுப்பது. இதுவரை வந்தவை எதுவும் கணக்கில் இல்லை.

"நமக்கெல்லாம் டாட்டா காட்டிட்டாங்கய்யா," என்றார் இயக்குநர் போனில். "புதுக் கதைல தலைவிக்குக் குழந்தையே கிடையாதாம்."

எடிட்டர் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்பும் ஒரு முறை இப்படி உட்கார்ந்திருக்கிறார். அப்போது சொன்னவர் டாக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடிகை வீட்டுக்கே வந்துவிட்டாள். மனைவிதான் கதவைத் திறந்தாள். சுவரொட்டிகளில் பார்த்த முகம். உள்ளே வரச் சொன்னாள்.

"எனக்கு இனிமே அந்த வேஷம் இல்லம்மா," என்றாள் நடிகை. "உங்க பொண்ணப் பாத்துத்தான் எல்லாம் கத்துக்கிட்டேன். ஒரு நன்றி சொல்லணும். லீவுக்கு எப்ப வருவாங்க? இத அவங்களுக்குன்னு வாங்கினேன்." நீச்சலுக்குப் போடும் கண்ணாடி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இவர் பொய் சொல்லியிருக்கார்மா," என்றாள் மெதுவாக. "அவ இல்ல. நீ நடிக்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டா."

நடிகை எடிட்டர் பக்கம் திரும்பினாள். "சார்... நான் தினம் தினம் கேட்டேனே சார்..."

"நீ கேட்டது நல்லாத்தான் இருந்துச்சும்மா," என்றார் எடிட்டர். "வேற யாரும் கேக்கறதில்ல."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணாவது படம் நான் பாக்கல. படகுல போனவளுக்கு என்ன ஆகுது?"

நடிகை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு கிரகத்துல இறங்குறா. ஒரு மெக்கானிக் எடுத்து வளக்குறார்."

"நல்லவரா?"

"சரியான முன்கோபி. ஆனா நல்லவர்மா. அவர்தான் கலம் ஓட்டச் சொல்லித் தர்றார்."

"அம்மாவத் தேடுறாளா?"

"படம் முழுக்க அதான். கடைசில அம்மா பேசிப் பதிவு பண்ணி வச்ச குரல் மட்டும் கிடைக்குது. அதோட படம் முடியுது."

"அப்புறம்?"

"அப்புறம் எடுக்கலையேம்மா."

"நீதானே அவளா இருந்த. என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிற?"

நடிகை எடிட்டரைப் பார்த்தாள். அவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப தூரம் சுத்திட்டாளே, ஒரு இடத்துல தங்கியிருப்பா," என்று யோசித்து யோசித்துச் சொன்னாள். "சின்னதா ஒரு வீடு பிடிச்சிருப்பா. கூட வேலை பாக்கறவங்க வந்து போவாங்க. அவளே ஏதாவது செஞ்சு போடுவா... சமையல் சுமாராத்தான் வரும்."

"சுமாராக்கூட வராது. வெந்நீர் வைக்கத் தெரியாது அவளுக்கு," என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.