கட்டுப் போட்ட கால்

கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு ஏணியைத் தெரியாமல் இருக்காது. அந்த உயரத்துக்கு வேறு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? வயது முப்பத்தாறு. இந்த முறை ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் வீட்டில் ஒட்டடை அடிக்கத்தான் அந்த உயரம் உதவும்.

வலது முட்டி போன சீசனிலேயே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. எதிரணிக்குத் தெரிந்தால் அந்தப் பக்கமே மோதிச் சாய்ப்பார்கள். அதனால் ஏணி நல்ல இடது முட்டியில் பட்டையாக டேப் சுற்றிக்கொண்டு ஆடினான். அவர்களும் மெனக்கெட்டு இடது பக்கமே இடித்தார்கள். சொந்தக் கோச்கூட நம்பிவிட்டார். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இன்று ஒப்பந்தத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை. டேப்பை அவிழ்த்தால் கோச்சுக்குச் சந்தேகம் வரும் என்று வழக்கம்போல் சுற்றிக்கொண்டே போனான். டாக்டர் இடது முட்டியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார் என்பது அவன் போட்ட கணக்கு.

டாக்டர் இடது முட்டியை மடக்கினார், அழுத்தினார்.

“இது பரவால்ல. ஆனாலும் இத சிரமப்படுத்த வேணாம். அந்த நல்ல கால்ல மட்டும் நின்னு குதிங்க, பாப்போம்.”

சொன்னால் ஒப்பந்தம் போச்சு, சொல்லாவிட்டால் முட்டி போச்சு. கோச் வேறு பக்கத்திலேயே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ஏணி வலது காலில் எழும்பி, வலது காலிலேயே இறங்கினான். உயிர் போய் உயிர் வந்தது. சிரித்து வைத்தான்.

“பாத்தீங்களா டாக்டர், இரும்பு!” என்று கோச் அவன் முதுகில் தட்டினார். “டேய் ஏணி, இடது காலுக்கு இனிமே ஓய்வு. எழும்புறது எறங்குறது எல்லாம் வலதுலதான். அதுக்குன்னு தினமும் தனிப் பயிற்சி. கையெழுத்துப் போட்டுட்டு வா, இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

கையெழுத்துப் போட்டான். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்ததும் மனைவியின் போன் வந்தது.

“கெடச்சுதாங்க?”

“கெடச்சுது.”

“அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு? முட்டியக் கண்டுபிடிச்சுட்டாங்களா?”

வெளியே கோச் விசில் ஊதிக் கூப்பிட்டார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான் ஏணி.

“கண்டுபிடிச்சிருந்தா பொழச்சிருப்பேன்மா.”