இறங்காத கை

கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தை மூடக் கூடாது என்ற தீர்மானத்துக்காக சுலேமா ஒவெஹேரோ தூக்கிய வலது கை, ஏப்ரல் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு கீழே இறங்கவில்லை. அன்று அர்ஜென்டினாவின் துகுமானில் நல்ல வெயில். எலுமிச்சை விலையில் மாற்றமில்லை.

டாக்டர் தைலம் தேய்த்தார், பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், பக்கத்து வீட்டார் அந்தக் கையில் டிவி ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டார்கள். படம் தெளிவாக வந்தது. சிக்கல் அவள் வேலை பார்த்த எம்பனாடா கடையில்தான். கறி வைத்த மாவின் ஓரத்தை முறுக்கி மூட இரண்டு கையும் வேண்டும். முதலாளி நிகானோர், "ஒத்தக் கையில மூடுனது பூரா எண்ணெயில வாயப் பொளக்குதும்மா. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆளு" என்றார்.

கூட்டத்தில் ஏறிய கை கூட்டத்தில்தான் இறங்கும் என்றது ஊர். சோஷலிச அமைப்பு ஒன்றில் சேர அவளுக்கும் வெகுநாள் ஆசை. துகுமானில் அப்போது ஏழு அமைப்புகள். அவள் மூன்றாவதைப் பார்த்து முடிப்பதற்குள் ஒன்பதாகிவிட்டன. எல்லா இடத்திலும் முதல் வரிசை நாற்காலி கொடுத்தார்கள். ஆதரவு என்றபோதும் அவள் கையை எண்ணினார்கள், எதிர்ப்பு என்றபோதும் எண்ணினார்கள். பதினைந்து பேர் கூட்டத்தில் எட்டுக்கு எட்டு வந்து, அந்த அமைப்பும் அன்றே இரண்டாகி, இரண்டு பாதியும் அவளிடம் படிவம் நீட்டின. ஒரே உறிஞ்சுகுழலோடு ஆள் மாற்றி ஆள் சுற்றி வந்த மாத்தே டீக் குடுவையை அவள் இடது கையால் வாங்கி, உறிஞ்சி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். எங்கள் பக்கம் அதற்கு, போதும், கிளம்புகிறேன் என்று பொருள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க, சைக்கிள் கடைக் கொட்டகையில் கூடும் ஆஸ்பத்திரித் துப்புரவாளர்களிடம் போனாள். ஆறே பேர். வியாழக்கிழமை வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கச் சொல்லி எண்ணிய எர்மெலிந்தா, "மூணு" என்றாள்.

"நாலு. அந்தப் பொண்ணு கைய விட்டுட்டியே அக்கா!" என்றான் ஒருவன்.

"நான் கேக்கறதுக்கு முந்தியே நிக்குற கையெல்லாம் கணக்குல வராதுடா." அவள் சுலேமா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தாயி. வியாழக்கிழமை வெச்சுக்கலாமா?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"வேண்டாங்க்கா. அன்னிக்கு மேட்ச் இருக்கு. உங்க ஆறு பேரைத் தவிர ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அப்போ நீ எதிர்ப்பு. கைய இறக்கு."

கை இறங்கியது. துருப்பிடித்த கேட் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்றுக்கு நாலு, தீர்மானம் தோற்றது என்று எர்மெலிந்தா நோட்டில் எழுதினாள். நாலு தெரு தள்ளி, பக்கத்து வீட்டு டிவியில் படம் போனது. குடுவை சுற்றி வந்தது. சுலேமா வலது கையால் வாங்கி, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொல்லவில்லை.