உள்ளங்கைச் சர்க்கரை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, பாஸ்போர்ட் விண்ணப்பம் ஒன்றை விசாரிப்பதற்காக ஏட்டு ஜெகதீசன் திண்டிவனம் மரக்காணம் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமை வருவதாகத்தான் போனில் சொல்லியிருந்தார். செல்வகுமாரும் வியாழக்கிழமைக்கென்றே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தான். அன்றைக்கு அவன் மனைவி அன்புச்செல்வி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பாள். பக்கத்து ஒலக்கூர்க்காரி, பேச்சில் யாரும் குறை காண முடியாது. அவன் அம்மா சவுரியம்மாள் முகாமுக்குத் திரும்பிப் போயிருப்பாள். புதன்கிழமையோ குழந்தைக்குக் காய்ச்சல், அன்புச்செல்விக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. அம்மா பின்கட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செல்வகுமார் 1992இல் விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அவன் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு அப்பாவும் அம்மாவும் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்து, லாரியில் ஏற்றப்பட்டு, கடலோர அகதி முகாம் ஒன்றில் இறக்கிவிடப்பட்டவர்கள். அப்பா அந்தோணிசாமி அங்கேயே இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். அகதிகளுக்குப் பிறந்த பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட முடியாது என்பது சட்டம். செல்வகுமாரின் ஆதார் அட்டையில் மாமனாரின் ஒலக்கூர் விலாசம் இருந்தது. பாஸ்போர்ட் படிவத்தில் அவன் எழுதியது ஒரே ஒரு பொய். பெற்றோரின் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று எழுதியிருந்தான்.

கோட்டக்குப்பத்து ஏஜென்ட் அவனுக்காகக் கத்தாரில் ஒரு டிரைவர் வேலையைப் பிடித்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.

கல்யாணமாகி முகாமை விட்டு வந்த இந்த ஒன்பது வருஷத்தில் அவன் ஒலக்கூர்க்காரனாகவே ஆகியிருந்தான். வேர்க்கடலையைக் கச்சான் என்பதை விட்டு மல்லாட்டைக்கு வந்திருந்தான். போயிக்கினு, வந்துக்கினு எல்லாம் நாக்கில் படிந்துவிட்டன. விசாரணைக்கு ஆள் வரும் என்று தெரிந்ததும் வீட்டை ஒரு முறை போலீஸ்காரன் கண்ணால் சுற்றிப் பார்த்தான். புட்டுக்குழலும் இடியப்பம் அவிக்கும் பிரம்புத் தட்டுகளும் பரணுக்குப் போயின. முகாம் கல்யாணங்களில் அப்பா ஆடிய இலங்கைப் பைலாப் பாட்டுகளைத் தான் ஓட்டும் வண்டியின் பென்டிரைவிலிருந்து அழித்து, அந்த இடத்தில் சினிமாப் பாட்டுகளை ஏற்றினான். தபால் ஆபீசில் வாங்கிய தேசியக் கொடியைச் சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் முன்பே வாசலில் கட்டினான். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் கொடி இல்லை.

"என்னா தம்பி, இப்பவே கட்டிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஜெகதீசன் செருப்பைக் கழற்றினார்.

"மழை கிழை வந்துச்சுன்னா அப்பறம் ஏற முடியாதுங்க சார்."

ஏட்டு சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு நான்கு வருஷம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்ததும் அவர் போன் ஒலித்தது. ஊரெல்லாம் ரீல்ஸில் சுற்றிவந்த ஒரு சிங்களப் பாட்டு. இரண்டு வரி ஓடிய பிறகுதான் அணைத்தார்.

"எம்பொண்ணு வெச்சிக் குடுத்துது. சிலோன் பாட்டாம். கேக்க நல்லாகீது, ஒரு எழவும் புரியல. உனக்குப் புரியுதா?"

"எனக்கெங்க சார் புரியும்."

அது பொய்யில்லை. அவனுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்த நாட்டை அவன் பார்த்ததும் இல்லை.

சாட்சிக்கு வீட்டுக்கார அம்மாள் கெங்கம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "கையெழுத்துதானே, எங்க போடணும் சொல்லுங்க. ஒம்போது வருசமா இங்கதான் இருந்துக்கினு கீறாரு. மோட்டாரு ரிப்பேருன்னாகூட இவருதான் பாக்குறாரு. எம்புள்ளைங்கூட எனக்கு அப்படிப் பண்ணதில்ல."

"உம்புள்ளை எங்கம்மா கீறாரு?"

"மெட்ராஸ்ல. மாமியார் வூட்டு மோட்டாரை பாத்துக்கினு கீறான்."

ஏட்டு சத்தமாகச் சிரித்தார். கெங்கம்மாள் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏட்டு ஆதார், திருமணப் பதிவு, மாமனாரின் பட்டா நகல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

பின்கட்டிலிருந்து சவுரியம்மாள் தட்டோடு வந்தாள். வாயைத் திறக்கக்கூடாது என்று மகன் சொல்லியிருந்தான், அவளும் திறக்கவில்லை. ஆனால் வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப அவளால் முடியவில்லை. பால் திரிந்துபோயிருந்ததால் பால் இல்லாத சாயத் தேநீர். கண்ணாடி டம்ளரில் செக்கச்செவேலென்று இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரை, ஒரு சின்னக் கரண்டி.

ஜெகதீசன் பேப்பரைப் பார்த்தபடியே வலது கையால் டம்ளரை வாங்கினார். இடது உள்ளங்கை தானாகவே நீண்டு விரிந்தது. அவள் அதில் ஒரு கரண்டிச் சர்க்கரையை வைத்தாள். அவர் நாக்கால் கொஞ்சம் தொட்டுக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். மறுபடியும் தொட்டார், மறுபடியும் குடித்தார்.

பிறகு தன் உள்ளங்கையையே பார்த்தார்.

செல்வகுமாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோட்டக்குப்பத்துல பால் இல்லாம டீ குடுப்பாங்க," என்றார் ஏட்டு, மெதுவாக. "ஆனா சர்க்கரைய கலக்கித்தான் குடுப்பாங்க. கையில வெச்சிக் குடிக்கிறதை நான் ஒரே எடத்துலதான் கத்துக்கினேன். முகாம்ல, ஆள் எண்ற டூட்டியில ரெண்டு வருசம் இருந்தேன். வூட்டுக்கு வூடு குடுப்பாங்க. வேணாம்னாலும் விட மாட்டாங்க."

பின்கட்டில் குழந்தை சிணுங்கியது.

"ஏம்மா, உங்களுக்கு எந்த ஊரு?"

"ஒலக்கூருங்க சார்," என்றான் செல்வகுமார்.

"அவங்களைக் கேக்கறேன். ஒலக்கூர்ல எந்தத் தெரும்மா?"

சவுரியம்மாள் மகனைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷமாக விழுப்புரம் மாவட்டத்துத் தண்ணீரைக் குடித்தவளுக்கு ஒலக்கூரில் ஒரு தெருப்பெயர் தெரிந்திருக்கவில்லை.

ஜெகதீசன் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். கையில் ஒட்டியிருந்ததையும் நக்கிவிட்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"சார், நான் இங்க பொறந்தவன். பர்த் சர்ட்டிபிகேட் பாத்தீங்களே."

"பாத்தேன் தம்பி. அது நெஜந்தான்."

"அப்பறம் என்ன சார்?"

"நான் கண்டதை எழுதலைன்னா என் சீட்டு போயிரும். நாலு வருசம்தான் பாக்கி." பேனாவை மூடினார். "உங்கம்மாவைத் திட்டாதே. நல்ல டீ."

அவர் போனதும் கெங்கம்மாள் வாசல்படியிலேயே நின்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? கையெழுத்து வேற போட்டுட்டேன். எனக்கு ஏதாச்சும் பேஜாரு வருமா?"

செல்வகுமார் உள்ளே போனான். சவுரியம்மாள் கிண்ணத்தை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாயே திறக்கேல்லையேடா நான். வீட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒண்டும் குடுக்காமல் அனுப்புறதே?"

"கலக்கிக் குடுத்திருக்கலாம்ல."

"எப்பவும் இப்படித்தானே குடிக்கிறது. அவரும் கை நீட்டினவர்தானே."

அவரும்தான் கை நீட்டினார். அவர் நீட்டியது எந்தப் பேப்பரிலும் வராது.

செப்டம்பர் 4ஆம் தேதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. தவறான தகவல் கொடுத்ததற்காக விளக்கம் கேட்டு இன்னொரு கடிதமும் வந்தது. கத்தார் வேலைக்கு ஏஜென்ட் மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள் ஒருவரை அனுப்பினார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கெங்கம்மாள் ஒரு மாதம் தவணை கொடுத்தாள். மகன் சென்னையிலிருந்து திரும்பி வருகிறான் என்று காரணம் சொன்னாள். அன்புச்செல்வி குழந்தையோடு ஒலக்கூரில் அப்பா வீட்டில் இருக்கிறாள். நவம்பரில் செல்வகுமாரின் பெயர் முகாம் பதிவேட்டில் அம்மாவின் பெயருக்குக் கீழே மறுபடியும் சேர்க்கப்பட்டது. ஆள் எண்ணும் நாள்களில் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறான்.