தேய்த்து அழித்த பெயர்

கிடியன் ஸ்டாப்ஸ் அச்சு உருளையின் அடியிலிருந்து ஈரத்தாளை மெல்ல உரித்தெடுத்தான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் கோணியது.

"ஆம்ப்ரோஸு, இங்க வா. உன் தங்கச்சி பேருக்குக் கீழ வேற யாரோ படுத்திருக்காங்க."

ஆம்ப்ரோஸ் லிட்யார்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பாத் நகரத்தில் கச்சேரிச் சீட்டு என்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். வெந்நீர் ஊற்றில் குளிக்க வரும் சீமான்கள் அவன் செதுக்கிய சீட்டுகளைக் கச்சேரி முடிந்த பிறகும் தூக்கிப் போடுவதில்லை. கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்துக்கொள்வார்கள். அத்தனை நேர்த்தி.

இந்தச் சீட்டிலும் நேர்த்திக்குக் குறைவில்லை. ஆற்றங்கரை. வளைந்த வில்லோ மரம். அதனடியில் யாழைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கீழே, சுருள் சுருளான எழுத்தில், ‘மிஸ் கெசையா லிட்யார்ட் கச்சேரி’. அந்த எழுத்துகளுக்கு நடுவில், பாலில் விழுந்த மயிர் போல, சாம்பல் நிறத்தில் வேறு எழுத்துகள்.

செலினா ஹார்க்கோம்.

"சரியாத் தேய்க்கல நீ," என்றான் கிடியன்.

"அவசரம்ப்பா. என்ன பண்ணச் சொல்ற?"

அவசரம் உண்மைதான். பாடகி ஒருத்திக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் சொந்த நாள். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் கச்சேரியில் பாட வேண்டும். அந்த ஒரு நாள் மண்டபம் அவளுடையது, சீட்டில் பெயர் அவளுடையது, அந்த நாள் எடுபட்டால்தான் லண்டன்காரர்கள் கூப்பிடுவார்கள். எடுபடாவிட்டால் ஆயுசு முழுக்கப் பின்வரிசைப் பாட்டுத்தான். ஆம்ப்ரோஸின் தங்கை கெசையாவுக்கு வருகிற சனிக்கிழமை பகல் முதல் தடவையாக அந்த நாள் வாய்த்திருந்தது. வேறொரு பாடகி நோயில் படுத்ததால் திடீரென்று காலியான நாள். புதுப் படம் செதுக்க நேரம் ஏது?

அலமாரியில் செலினாவின் கச்சேரிச் சீட்டை அச்சடித்த செப்புத்தகடு இருந்தது. போன வருஷம் அவளுக்காக அவன் உயிரைக் கொடுத்துச் செதுக்கியது. யாழ்ப் பெண்ணுக்கு அவள் முகத்தையே வைத்திருந்தான். முதல் பிரதியைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இந்தக் கடைக்குள்தான் கேட்டது.

"என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டீங்களே, செப்புக்காரரே! இந்த உபகாரத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

கச்சேரியன்று காலையில் அவள் செத்துப்போனாள். மார்புச்சளி. மண்டப வாசலில் சீட்டோடு வந்து நின்ற கூட்டம் அப்படியே திரும்பிப் போயிற்று.

பழைய தகட்டில் பெயரை மட்டும் மாற்றுவது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எழுத்தைச் சுரண்டுவார்கள். பள்ளமான இடத்தைப் பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி மேலே எழுப்புவார்கள். மெருகுக் கம்பியால் தேய்த்துச் சமமாக்கி, மேலே புதுப் பெயரை வெட்டுவார்கள். பொறுமையாகத் தேய்த்தால் பழைய பெயர் இருந்த இடமே தெரியாது. அவசரப்பட்டால் செம்பு மறக்காது.

ஆம்ப்ரோஸ் மறுபடியும் தேய்த்தான். அடுத்த பிரதியில் சாம்பல் எழுத்து மங்கியிருந்தது. அதற்கடுத்ததில் காணவே இல்லை.

"இப்ப சரியா?"

கிடியன் முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரு சரிதான். ஆனா இந்தப் பொண்ணு தண்ணியத்தானே பாத்துட்டிருந்தா?"

முதல் தாளில் யாழ்ப் பெண் ஆற்றைப் பார்த்தாள். கடைசித் தாளில் அவள் முகம் பாதி திரும்பியிருந்தது. ஒரு கண் தாளுக்கு வெளியே பார்த்தது.

"தகடு தேஞ்சா கோடு அப்படி இப்படி ஆகும்," என்றான் ஆம்ப்ரோஸ்.

"ஆகும் ஆகும். கழுத்து திரும்புற அளவுக்கு ஆகும்," என்று முணுமுணுத்தபடி கிடியன் அடுத்த தாளை நனைத்தான்.

சாயங்காலம் கெசையா மாடியில் சீட்டுகளுக்கு முத்திரை வைக்க உட்கார்ந்தாள். கச்சேரிக்கு உரியவள் தன் கையாலேயே அரக்கு உருக்கி, தன் முத்திரையைப் பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டை வாசற்காவலர் ட்ரஸ்காட், மன்னரே கொண்டுவந்தாலும் உள்ளே விடமாட்டார்.

கெசையா படத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா, இது செலினாவோட தகடு."

"நேரம் இல்லடா கண்ணு."

"அவ எனக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கா தெரியுமா? அவ நாள்ல நானும் அவளும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடறதா இருந்தோம். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

அவள் அண்ணனை முறைத்துவிட்டு, அரக்கை மெழுகுவத்தியில் காட்டினாள். சிவப்புத் துளி சீட்டில் சொட்டியது. மோதிர முத்திரையை அழுத்தி எடுத்தாள். அவளுடைய முத்திரையில் இருப்பது ஒரு வானம்பாடி.

அரக்கில் பதிந்திருந்தது அன்னம்.

கெசையா மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள். வானம்பாடிதான். மறுபடி அழுத்தினாள். மறுபடி அன்னம், நீண்ட கழுத்தை வளைத்துக்கொண்டு. செலினாவின் முத்திரை அது. அந்த மோதிரம் விரலில் இருந்தபடியே அவளைப் புதைத்ததை இருவரும் பார்த்திருந்தார்கள்.

"அண்ணா…" என்றாள் கெசையா. குரல் கரகரத்தது.

"அரக்கு சூடு போதல. இன்னொண்ணு வை."

அவள் வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். வானம்பாடி வந்துவிடும், வந்துவிடும் என்று பிடிவாதமாக அழுத்திக்கொண்டே போனாள். ஒவ்வொரு சீட்டுக்கும் அவள் குரல் ஒரு படி இறங்கியது. கட்டு தீர்ந்தபோது ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

மருந்துக்கடைக்காரர் வந்தார். வெங்காயச் சாறும் தேனும் கொடுத்தார், தொண்டையில் ஃபிளானல் துணி சுற்றினார், "குளிர்காத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் குரல் வரவில்லை. கெசையா கற்பலகையில் எழுதினாள்: ‘சனிக்கிழமை நான் என்ன பண்ணுவேன் அண்ணா?’

ஆம்ப்ரோஸ் கீழே இறங்கி வந்தான். மேசைமேல் தகடு கிடந்தது. செம்பில் யாழ்ப் பெண் இப்போது முழுசாகத் திரும்பி, அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"குறுக்கால ஒரு கோடு போட்டுக் கொன்னுடு அதை," என்றான் கிடியன். வேண்டாத தகட்டை அப்படித்தான் சாகடிப்பார்கள்; யாரும் திரும்ப அச்சடிக்க முடியாதபடி ஒரு ஆழமான கீறல். "சீட்டு இல்லாட்டிப் போகுது. கையால எழுதிக்கலாம்."

ஆம்ப்ரோஸ் செதுக்குளியை எடுத்தான். முனையை யாழ்ப் பெண்ணின் கழுத்தில் வைத்து லேசாகத் தள்ளினான். மயிரிழை போல் ஒரு செப்புச் சுருள் எழும்பியது.

மேலே நாற்காலி உருண்டு விழுந்தது.

அவன் மூச்சிரைக்க மாடி ஏறினான். கெசையா தரையில் கிடந்தாள். ஃபிளானலைப் பிய்த்தெறிந்து, கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரலை விலக்கிப் பார்த்தான். ஊசியால் கீறினாற்போல் மெல்லிய சிவப்புக் கோடு, சரியாக அவன் உளி போன தூரத்துக்கு.

தகட்டில் இருப்பது யார் பெயர்? அவன் தங்கையின் பெயர். அவன்தான் வெட்டினான். அந்தத் தகட்டுக்கு என்ன செய்தாலும் அது இவளுக்குத்தான் விழும்.

கெசையா எழுந்து உட்கார்ந்தாள். பலகையை இழுத்து எழுதினாள்: ‘அவ நாள் அவளுக்குக் கிடைக்கவே இல்ல. அதான் கேக்கறா. குடுத்துடலாம். அவ பேர்லயே கச்சேரி வைங்க. நான் பாடறேன்.’

"உன் நாள்டி அது!"

‘எனக்கு அடுத்த வருஷம் வரும். குரல் இருந்தா.’

ஆம்ப்ரோஸ் கீழே போய்ச் சுரண்டியை எடுத்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கெசையா லிட்யார்ட் என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினான். தகட்டைக் கவிழ்த்துத் தட்டினான். நிமிர்த்தி, எண்ணெய் விட்டு, மெருகுக் கம்பியால் தேய்த்தான்.

முதல் எழுத்து மறைந்தபோது மாடியில் யாரோ மெல்ல முனகினார்கள். இரண்டாவது எழுத்து போனபோது அது ராகமாயிற்று.

"கேட்டியா?" என்று கத்தினான் ஆம்ப்ரோஸ். "கிடியன், குரல் வருதுடா!"

"வருது வருது! நிறுத்தாத, தேய்!"

அவன் தேய்த்தான். கண்ணில் நீர் வழியத் தேய்த்தான். எழுத்து அழிய அழியக் குரல் ஏறியது. மாடிப்படி வழியே தேன் ஒழுகுவதுபோல் இறங்கி வந்து கடையை நிறைத்தது. தெருவில் பல்லக்குத் தூக்கிகள் நின்று மேலே பார்த்தார்கள். அவன் தங்கை இத்தனை அழகாக என்றைக்குமே பாடியதில்லை என்று ஆம்ப்ரோஸுக்குத் தோன்றிற்று. தோன்றியும் அவன் கை நிற்கவில்லை.

கடைசியில் கிடியன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"கில்லாடிடா நீ. ஒரு நிழல்கூட இல்ல. இங்க ஒரு பேரு இருந்துச்சுன்னா எவனும் நம்ப மாட்டான்."

பழைய பெயரை அவன் புதிதாக வெட்ட வேண்டியிருக்கவில்லை. பளபளத்த செம்பில் செலினா ஹார்க்கோம் தானாக மேலெழும்பி நின்றது. உளியால் அந்தத் தடத்திலேயே போனான். வெண்ணெயில் போவதுபோல் உளி போயிற்று. அந்தப் பெயரோடே புதுச் சீட்டுகள் அச்சாயின.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. போன வருஷம் திரும்பிப் போனவர்களில் பாதிப் பேர் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பழைய சீட்டையே உருவிக்கொண்டு வந்திருந்தார்கள். ட்ரஸ்காட் ஒவ்வொரு முத்திரையையும் மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பழசு, புதுசு, எல்லாத்துலயும் ஒரே அன்னம். போங்க போங்க, உள்ள போங்க," என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஆம்ப்ரோஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்க தங்கச்சி என்ன, மண்டபத்துக்கு வந்தவ என்னை முன்னப்பின்ன தெரியாத மாதிரி போறா? போன வாரம் ஒத்திகைக்கு வந்தப்போகூட என் ஜலதோஷம் சரியாச்சானு விசாரிச்சா."

"பயமா இருக்கும் அவளுக்கு," என்றான் ஆம்ப்ரோஸ்.

மேடையில் அவள் கழுத்தில் கறுப்பு ரிப்பனோடு நின்றாள். பாடினாள். செலினா போன வருஷம் பாடுவதற்காக எடுத்து வைத்திருந்த பாட்டுகள், அதே வரிசையில். விசிறிகள் அசைய மறந்தன. முன்வரிசையில் ஒரு கிழவர் வாய்விட்டு அழுதார். கடைசியாக இருவர் சேர்ந்து பாட வேண்டிய அந்தப் பாட்டு வந்தது. அவள் ஒரு வரி பாடி நிறுத்தினாள். அடுத்த வரி இன்னொருத்தியுடையது. வாத்தியங்கள் மட்டும் அந்த வரியை வாசித்தன. மண்டபமே காத்திருந்தது. யாரும் பாடவில்லை. அவள் புன்னகையோடு தன் அடுத்த வரியை எடுத்தாள்.

ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இன்னொரு குரல் கெசையாவுடையதாக இருந்திருக்க வேண்டும்.

கைதட்டல் ஓயுமுன் அவன் தெருவில் ஓடினான். கடையைத் திறந்து தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினான். யாழ்ப் பெண் பழையபடி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பாதிதான் காண முடிந்தது. ஆனால் மூக்கு? சின்ன வயதில் கெசையா பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தபோது உடைந்து, லேசாக வளைந்த மூக்கு. கழுத்தில் அவன் உளி போட்ட மயிரிழைக் கோடு. வாய் திறந்திருந்தது, யாரையோ கூப்பிடுவது போல.

அவன் சுரண்டியைத் தேடினான். செலினாவின் பெயரை எடுத்துவிட்டு இவள் பெயரை வெட்டிவிடலாம். பழைய தடம் இருந்தால் தானாகவே மேலே வரும், செலினா வந்தாளே! பூதக்கண்ணாடியைத் தகட்டின்மேல் வைத்தான். சாய்த்துப் பார்த்தான், மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். அந்த இடம் வழவழவென்று இருந்தது. அவன் ஆயுளில் அத்தனை சுத்தமாக எதையும் தேய்த்ததில்லை.

வாசல் மணி கிணுகிணுத்தது. கை நிறையப் பூங்கொத்துகளோடு அவள் உள்ளே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. அவற்றைப் பெட்டிமேல் போட்டுவிட்டு, கழுத்து ரிப்பனை அவிழ்த்தாள். கழுத்தில் கீறல் இல்லை.

"கெசையா," என்றான் ஆம்ப்ரோஸ். "கண்ணு, அண்ணான்னு ஒரு தடவை கூப்பிடு."

அவள் அவன் கையிலிருந்து தகட்டை மிக மென்மையாக வாங்கினாள். கைக்குட்டையால் மையைத் துடைத்தாள். சால்வைக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "அடுத்த வருஷத்துக்கும் இதே போதும். என்ன, செப்புக்காரரே?"