பச்சை டிக்

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா" என்று கவுண்டரில் இருந்த பெண் மூன்றாவது முறையாகச் சொன்னாள். அக்கா மூன்றாவது முறையாகக் கைப்பேசியைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள். 'ஸ்கேனுக்கு உங்கள் நேரம் பதிவாகிவிட்டது' என்ற வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது.

"நல்லாப் பாருங்க. இந்த ஆப்பைப் பண்ணதே என் தம்பிதான். இதோ நிக்கிறான் பாருங்க. இவன் கை வச்சா தப்பே வராது."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. என்ன நடந்திருக்கும் என்பது அவனுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

ஆபீசில் அவனுக்கு மின்னல் என்று பெயர். இந்த மருத்துவமனை ஆப்பில் ஒரு நேரத்தைப் பதிவு செய்ய முதலில் நான்கு விநாடி பிடித்தது. அதுவரை ஒரு சக்கரம் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும். "இதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு நேர்லயே போயிட்டு வந்துடலாம்" என்றார் மேனேஜர். மின்னல் ஒரே நாளில் சக்கரத்தைத் தூக்கிவிட்டான். பட்டனைத் தொட்டதும் டிக் வந்துவிடும். தகவல் அதன்பிறகு சாவகாசமாக மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். சேராவிட்டால்? ஆப்பைச் சோதித்துப் பார்க்கிற பெண், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், அதைக் கேட்கத்தான் செய்தாள்.

"நடுவுல சிக்னல் போயிட்டா?"

"இந்தக் காலத்துல சிக்னல் எங்கம்மா போகுது? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். டிக் துள்ளி வந்து நிற்கிற அழகைப் பார்த்து அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அடுத்த வெர்ஷனில் அவன் பட்டனின் நிறத்தை மாற்றினான்.

அக்கா வேலை செய்வது துணிக்கடையின் நிலவறைக் கிடங்கில். பாதிப் படி இறங்கினாலே அங்கே சிக்னல் செத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஆயிரம் தடவை போன் போட்டு எரிச்சல்பட்டவன்தானே. மதியச் சாப்பாடு முடிந்து படி இறங்கிக்கொண்டே பட்டனைத் தொட்டிருப்பாள்.

"அடுத்தது இருபத்து மூணு நாள் கழிச்சுதான் இருக்கு" என்றாள் கவுண்டர் பெண்.

அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. இடப்பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. அது என்னவோ ஏதோவென்று இரண்டு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. இன்றைக்குத் தெரிந்துவிடும் என்றுதான் லீவு போட்டு வந்திருந்தாள். வரிசையை விட்டு இரண்டடி தள்ளி வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"நாந்தான்டா எதையோ தப்பா அழுத்தித் தொலைச்சிருக்கேன். உன் ஆபீஸ்ல சொல்லிடாத. இவன் அக்காவுக்கு ஒரு பட்டன் அழுத்தத் தெரியலன்னு உன்னைக் கேலி பண்ணுவாங்க."

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிட வெட்கக்கேடு, பழியை அவள்மேலேயே விட்டுவிட அரை நிமிஷம் அவன் தயாராகவே இருந்தான். 'பரவால்லக்கா, விடு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கை இன்னும் கழுத்திலேயே இருந்தது.

"நீ சரியாத்தான் அழுத்தினக்கா. அந்த டிக்தான் பொய். போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு பாக்காமலே அது வந்துடும். நாந்தான் அப்படிப் பண்ணேன்."

"ஏன்டா?"

"வேகமாத் தெரியறதுக்கு."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். அவள் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெரியவர், மனைவியை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, மறு கையால் கைப்பேசியைக் கண்ணாடிக்கு நீட்டிக்கொண்டிருந்தார். பச்சை டிக்.

"மன்னிச்சுக்கம்மா, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. நாந்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல" என்று கவுண்டர் பெண்ணிடம் சொன்னார்.

"ஐயா, நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்று அக்கா உரக்கச் சொன்னாள். "இந்த ஆப்பைப் பண்ணது என் தம்பிதான். இதோ நிக்கிறான் பாருங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.